உயர்நிலைப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர்: பயிற்சியும் பணியும்

டில்லி மாநகரின் தென்பகுதியில் உள்ள முனிர்கா ஒரு காலத்தில் விளைநிலங்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர் தலைநகரம் தெற்கு நோக்கி வளர்ந்தது. ஊரைச் சூழ்ந்திருந்த நிலங்கள் அரசு ஊழியர் குடியிருப்பான ராமகிருஷ்ணபுரமாகவும், வசந்த் விஹாராகவும், 1969-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வளாகமாகவும் மாறின. பழைய ஊர் மட்டும் நடுவில் எஞ்சியது. இன்று அங்கு நான்கு, ஐந்து மாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் உரச நிற்கின்றன. சந்துகளில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். வாடகை அறைகளில் மாணவர்களும், தேர்வுகளுக்குத் தயார் செய்யும் பட்டதாரிகளும், கூலி வேலைக்கு வந்த குடும்பங்களும் வாழ்கின்றனர். அருகிலுள்ள ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் எனப்படும் முருகன் கோவிலும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இருப்பதால் தமிழர்களுக்கும் இது அறிமுகமான பகுதியே.

இத்தகைய ஊரில் வளரும் பன்னிரண்டு வயதுச் சிறுமி எங்கே ஓடுவாள்? சந்தில் ஓட இடமில்லை. அடுக்குக் குடியிருப்புகளின் பூங்காக்களில் பந்து விளையாடுவதைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. பல்கலைக்கழக வளாகமோ வேலிக்கு அப்பால் உள்ளது. எஞ்சுவது பள்ளியின் திடல் ஒன்றுதான். அந்தத் திடலும் வாரத்தில் சில பாடவேளைகளுக்கு மட்டுமே அவளுக்குக் கிடைக்கிறது. அந்தச் சில மணி நேரத்துக்குப் பொறுப்பாளர் உடற்கல்வி ஆசிரியர். அவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறார், எதில் பயிற்சி பெறுகிறார் என்பன தலைநகரத்துக்கும் தமிழ்நாட்டுச் சிற்றூருக்கும் ஒருங்கே பொருந்தும் கேள்விகளாகும்.

'டிரில் மாஸ்டர்' முதல் ஆசிரியர் வரை

கழுத்தில் ஊதலும் கையில் பிரம்புமாகக் காலை வழிபாட்டில் வரிசையைச் சீர்செய்பவர் என்பதே இந்த ஆசிரியரைப் பற்றி மக்கள் மனத்தில் பதிந்த உருவம். 'டிரில் மாஸ்டர்' என்றும் 'பி.டி. வாத்தியார்' என்றும் அழைக்கப்பட்டவர் அவரே. இந்த உருவத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பள்ளிகளில் பயிற்சி அளிக்கப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் அமர்த்தப்பட்டனர். அவர்கள் தமக்குத் தெரிந்த அணிநடையைக் கற்பித்தனர். குழந்தையின் உடல் வளர்ச்சியைப் பற்றி அவர்களுக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை.

இதனை மாற்றும் முயற்சி சென்னையில் தொடங்கியது. அமெரிக்கரான ஹாரி குரோ பக், 1920-ஆம் ஆண்டில் எஸ்பிளனேடு பகுதியிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ஐந்து மாணவர்களைக் கொண்டு உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். நந்தனத்தில் அடையாற்றங்கரையில் இன்றும் இயங்கிவரும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக அது வளர்ந்தது. 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்தியக் குழுவைப் பயிற்றுவித்து அழைத்துச் சென்றவரும் பக் அவர்களே. ஆயினும் அவருடைய நிலைத்த பணி, ஊர் ஊராகப் பள்ளிகளுக்குச் சென்ற ஆசிரியர்களை உருவாக்கியதுதான். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஹைதராபாத், கல்கத்தா, லக்னோ, பம்பாயின் காந்திவலி ஆகிய இடங்களிலும் இத்தகைய பயிற்சி நிலையங்கள் தோன்றின.

விடுதலைக்குப் பின் மைய அரசு இத்துறையில் நேரடியாக இறங்கியது. 1956-ஆம் ஆண்டில் உடற்கல்விக்கும் பொழுதுபோக்குக்குமான தேசியத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. முதல் விடுதலைப் போரின் நூற்றாண்டான 1957-இல் குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி தொடங்கப்பட்டு, பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பு அறிமுகமாயிற்று. அதுவரை ஏதேனும் ஒரு பாடத்தில் பட்டம் பெற்றவர் ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் ஆசிரியராவதே வழக்கம். உடற்கல்வியே ஒரு பட்டத்துக்குரிய பாடம் என்ற எண்ணத்துக்கு அங்குதான் அரசின் ஒப்புதல் கிடைத்தது.

இடையில் ஒரு திருப்பமும் நேர்ந்தது. 1954-ஆம் ஆண்டில் தேசிய ஒழுங்குத் திட்டம் என ஒன்று தொடங்கி, ஆயிரக்கணக்கான பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். ஒரே பள்ளியில் உடற்கல்வி, ஒழுங்குத் திட்டம், துணைப்படைப் பயிற்சி என்று மூன்று நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. குன்ஸ்ரு குழு இவற்றை ஒருங்கிணைக்கப் பரிந்துரைத்ததன் பேரில் 1965-இல் தேசிய உடல்தகுதிப் படை அமைந்தது. 1964-66-ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் கல்விக் குழு மேலும் தெளிவாகப் பேசியது. அரசுத் திட்டங்கள் உடல்தகுதியை மட்டுமே பார்க்கின்றன, உடற்கல்வியின் கல்விப் பயனை மறந்துவிடுகின்றன என்பது அக்குழுவின் குறை. அறுபது ஆண்டுகள் ஆன பின்னரும் இந்தக் குறை பழையதாகிவிடவில்லை.

யார் சேரலாம்?

இன்றைய விதிகளை வகுப்பது 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அதன் 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி பயிற்சி மூன்று படிகளாக உள்ளது. தொடக்கக் கல்வி நிலைக்கு டி.பி.எட். என்னும் பட்டயம், உயர்நிலை வகுப்புகளுக்கு பி.பி.எட்.; மேல்நிலை வகுப்புகளுக்கும் பயிற்சிக் கல்லூரி ஆசிரியப் பணிக்கும் எம்.பி.எட். மூன்றுமே ஈராண்டுப் படிப்புகள். முன்னர் ஓராண்டாக இருந்த பி.பி.எட்., இந்த ஒழுங்குமுறைகளால்தான் நான்கு பருவங்களைக் கொண்ட ஈராண்டுப் படிப்பாயிற்று.

பி.பி.எட். சேர விரும்புவோர் பட்டதாரியாக இருப்பதோடு விளையாட்டுத் தொடர்பும் உடையவராக இருக்க வேண்டும். பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண்ணுடன், கல்லூரிகளுக்கிடையே அல்லது மாவட்ட, பள்ளி அளவில் நடந்த போட்டிகளில் கலந்துகொண்டவர் சேரலாம். உடற்கல்வியிலேயே பட்டம் பெற்றவருக்கும் அதனை ஒரு பாடமாகப் பயின்றவருக்கும் 45 விழுக்காடு போதும். மாநில, தேசிய அளவில் ஆடியவர்களுக்கும், பணியிலிருந்தபடியே அனுப்பப்படும் ஆசிரியர்களுக்கும் தனி வழிகள் உண்டு. எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு, விளையாட்டுத் திறன் ஆகியவற்றைக் கொண்டு தேர்ந்தெடுப்பது வழக்கம்.

முனிர்காவின் வாடகை அறைகளில் தங்கியுள்ள பட்டதாரிகள் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பாட்டியாலாவில் 1961-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிலையம் அளிக்கும் பட்டயம் பயிற்சியாளருக்கானது. ஒரு குறிப்பிட்ட விளையாட்டில் வீரர்களை உயர்நிலைக்குக் கொண்டு செல்பவருக்கு உரியது. அது பி.பி.எட்.டுக்கு மாற்றாகாது. அதுபோலவே, பி.எட். படித்தவர் நல்ல கபடி வீரராக இருந்தாலும் உடற்கல்வி ஆசிரியர் பணிக்குத் தகுதி பெறமாட்டார். இந்த வேறுபாட்டை அறியாமல் ஓராண்டையும் கட்டணத்தையும் இழப்பவர்கள் உண்டு.

வேறுபாடு சான்றிதழில் மட்டும் இல்லை. பயிற்சியாளர் ஐம்பது பேரைப் பார்த்து அவர்களில் ஐவரைத் தேர்ந்தெடுக்கிறார். அதுவே அவர் தொழில். ஆசிரியருக்கு அந்த உரிமை இல்லை. எஞ்சிய நாற்பத்தைந்து பேரும் அவருடைய மாணவர்களே. பருமனான பையன், கண்ணாடி அணிந்த சிறுமி, சக்கர நாற்காலியில் வருபவர், ஓடினால் மூச்சிரைப்பவர் என அனைவருக்கும் அன்றைய பாடத்தில் ஓர் இடம் இருந்தாக வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் சேரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு விளையாட்டில் சிறந்தவர்கள். தமக்கு எளிதாக வந்தது பிறருக்கு ஏன் வரவில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவ்வாறு எண்ணச் செய்வதே ஈராண்டுப் பயிற்சியின் கடினமான பகுதி.

வகுப்பறையிலும் திடலிலும்

ஏட்டுப் பாடங்கள் வெளியார் நினைப்பதைவிட அதிகம். உடற்கூற்றியல், உடலியங்கியல், உடல்நலக் கல்வி, விளையாட்டு உளவியல், இயக்கவியல், விளையாட்டு மருத்துவம், அளவீடும் மதிப்பீடும், நிர்வாகம் ஆகியன இடம்பெறுகின்றன. செய்முறையில் தடகளம், சீருடற்பயிற்சி, யோகம், கபடி, கோ-கோ, குழு விளையாட்டுகள், லெசிம் போன்ற நாட்டுப் பயிற்சிகள், நடுவர் பணி ஆகியவை உண்டு. இவற்றை வரிசையாக விளக்குவதைவிட, கற்பித்தல் பயிற்சி என்னும் ஒன்றை மட்டும் சற்று நின்று பார்ப்பது பயனுடையது. அதில்தான் மாணவர் ஆசிரியராகிறார்.

குழுமத்தின் மாதிரிப் பாடத்திட்டம், பயிற்சிப் பாடங்களில் ஒரு பாதியைக் கல்லூரி வளாகத்திலும் மறுபாதியை வெளியே உள்ள பள்ளியிலும் நடத்தச் சொல்கிறது. கல்லூரியில் எதிரே நிற்பவர்கள் சக மாணவர்கள், சொன்னபடி செய்வார்கள். பள்ளியில் நிற்பவர்கள் ஏழாம் வகுப்புக் குழந்தைகள். ஊதல் ஒலித்ததும் நான்கு திசைகளிலும் சிதறுவார்கள்.

ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று கொள்வோம். வகுப்பறையிலிருந்து திடலுக்கு வந்து சேர்தல், வருகைப் பதிவு, உடலைச் சூடேற்றும் பயிற்சி, இறுதியில் கலைந்து செல்லுதல் ஆகியவற்றுக்கு 20 நிமிடம் போய்விடும். கற்பிப்பதற்கு எஞ்சுவது 20 நிமிடம், அதாவது 1,200 விநாடி. அன்றைய பாடம் கூடைப்பந்தை எறிந்து பிடித்தல். மாணவர்கள் 40 பேர். ஆசிரியர் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரு பந்தைக் கொடுக்கிறார். ஒருவருக்கு 15 விநாடி என்றால் மொத்தம் 80 முறை எறியலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டே வாய்ப்புகள்! மற்ற நேரமெல்லாம் அவள் வரிசையில் நிற்கிறாள். அதே வகுப்பை ஐவர் ஐவராக எட்டுக் குழுக்களாகப் பிரித்து எட்டுப் பந்துகளைக் கொடுத்தால், அதே 20 நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் பதினாறு வாய்ப்புகள் கிடைக்கும். பள்ளியில் எட்டுக் கூடைப்பந்துகள் இராது என்பது உண்மையே. மூன்று பந்துகளோடு, பழைய கைப்பந்தும் துணியில் சுற்றிய உருண்டையும் சேர்ந்து எட்டாகலாம். இந்த எட்டைத் திரட்டும் திறனையும், எட்டுக் குழுக்களையும் ஒரே பார்வையில் வைத்திருக்கும் திறனையும் எந்த ஏட்டுப் பாடமும் தராது. பொருளாதாரத்தில் பற்றாக்குறை வளங்களின் பங்கீடு என்று கற்பிக்கப்படுவதை, பயிற்சி ஆசிரியர் காலை வெயிலில் ஊதலும் கையுமாகக் கற்றுக்கொள்கிறார்.

பாடக்குறிப்பு எழுதும் பழக்கத்தைப் பயிற்சி மாணவர்கள் பெரும்பாலும் வெறுக்கின்றனர். நோக்கம், கருவிகள், அணிவகுப்பு, கட்டளைச் சொற்கள், செய்துகாட்டல், திருத்தம், இறுதி விளையாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு எழுத வேண்டும். எழுதிய கணக்குக்கும் நடந்த பாடத்துக்கும் உள்ள இடைவெளியை மேற்பார்வையாளர் சுட்டிக்காட்டும்போதுதான் அதன் பயன் தெரியும். மேற்பார்வையாளர் கையெழுத்திட்டுச் சென்றுவிடும் கல்லூரிகளில் இந்தப் பாடக்குறிப்பு வெறும் காகிதமே. அங்கு ஈராண்டு என்பது ஓராண்டைவிட மேலானதன்று.

பாடத்திட்டமும் நிலப்பரப்பும்

பயிற்சிக் கல்லூரியில் மாணவர் 400 மீட்டர் ஓடுபாதையை அளந்து வரையக் கற்கிறார். உள்வளைவின் ஆரம் 36.50 மீட்டர், நேர்ப்பகுதி 84.39 மீட்டர், பாதை ஒவ்வொன்றின் அகலம் 1.22 மீட்டர். எட்டுப் பாதைகள் அமைய ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் கொண்ட நிலம் தேவை. ஆனால் அவர் வேலைக்குச் செல்லும் பள்ளியின் நிலைமை வேறு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 2018-ஆம் ஆண்டு இணைப்பு விதிகள், பள்ளிக்குப் பொதுவாக 8,000 சதுர மீட்டர் நிலம் கேட்டபோதிலும், டில்லி, சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1,600 சதுர மீட்டர் இருந்தால் ஏற்றுக்கொண்டன. நேர்ப்பகுதி 40 மீட்டராகவும் பாதைகள் நான்காகவும் சுருக்கி 200 மீட்டர் ஓடுபாதை வரைந்தால்கூட 88 மீட்டர் நீளமும் 48 மீட்டர் அகலமும், அதாவது 4,200 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். கட்டடமே இல்லாவிட்டாலும் 1,600 சதுர மீட்டரில் அது அடங்காது.

ஆகவே நகர்ப்புறப் பள்ளிக்குச் செல்லும் ஆசிரியருக்குச் சிறு இடத்தைப் பயன்படுத்தும் கலை கட்டாயத் தேவை. கபடிக் களத்துக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும். கைப்பந்துக் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். சீருடற்பயிற்சிக்கும் யோகத்துக்கும் ஒரு கூடம் போதுமானது. இன்றைய உடல்தகுதி மதிப்பீட்டில் இடம்பெறும் 600 மீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் அருகிலுள்ள பெரிய திடலை நாட வேண்டிவரும். அதே மதிப்பீட்டின் 50 மீட்டர் விரைவோட்டம், வயிற்றுத்தசைப் பயிற்சி, கால்நீட்டி அமர்ந்து முன்னே எட்டுதல் ஆகியவற்றைப் பள்ளியிலேயே சமாளிக்கலாம். பயிற்சிக் கல்லூரிகள் விரிந்த திடல்களில் அமைந்திருப்பது நல்லதே. ஆனால் மாணவர்கள் ஈராண்டும் அந்த விரிவிலேயே பழகி, பின்னர் முனிர்கா போன்ற ஊரின் பள்ளியில் நுழையும்போது திகைத்துப் போவதில் வியப்பில்லை. வெளியே நடத்தும் பாடங்களில் சிலவேனும் நெருக்கடியான பள்ளியில் அமைய வேண்டும் என்று கல்லூரிகளே விதித்துக்கொள்ளலாம். செலவு எதுவும் இல்லை.

டில்லியின் அரசுப் பள்ளிகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. பலவற்றில் ஒரே கட்டடத்தில் காலையில் பெண்கள் பள்ளியும் பிற்பகலில் ஆண்கள் பள்ளியும் இயங்குகின்றன. திடல் ஒன்று, பள்ளிகள் இரண்டு. காலைப் பள்ளி கலையும் நேரமே பிற்பகல் பள்ளி கூடும் நேரம். மாலையில் தங்கி விளையாட வாய்ப்பு பெண் குழந்தைகளுக்கு இல்லை. ஆதலால் அவர்களுக்கு அந்தப் பாடவேளை ஒன்றே விளையாட்டு. அது பறிபோனால் மாற்று ஏதும் இல்லை.

பறிபோவதும் அரிதன்று. தேர்வு நெருங்கியதும் கணக்கு ஆசிரியர் உடற்கல்விப் பாடவேளையைக் கேட்கிறார், தலைமையாசிரியர் இசைகிறார், உடற்கல்வி ஆசிரியர் தேர்வுப் பணிக்கோ விழா ஏற்பாட்டுக்கோ அனுப்பப்படுகிறார். மத்திய வாரியம் 2018-19 முதல் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு உடல்நலமும் உடற்கல்வியும் நாள்தோறும் ஒரு பாடவேளை எனக் கட்டாயமாக்கியது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு பாடவேளை முழுமையாகக் கிடைத்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கே நிறைவேறும் என்பதை மேற்காட்டிய நிமிடக் கணக்கிலிருந்து அறியலாம்.

பணியிடமும் ஊதியமும்

பயிற்சி எத்துணைச் சிறந்ததாயினும் பணியிடம் இல்லையேல் பயனில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, நூறு மாணவர்களுக்கு மேற்பட்ட உயர்தொடக்கப் பள்ளிகளில் உடல்நலத்துக்கும் உடற்கல்விக்கும் ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது. 'பகுதிநேர' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டில் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேரப் பணியிடங்கள் உருவாக்கப்பட்டபோது மாத ஊதியம் 5,000 ரூபாய். பின்னர் அது படிப்படியாக உயர்த்தப்பட்டது. பட்டத்துக்கு மூன்றாண்டு, பயிற்சிக்கு ஈராண்டு, தேர்வுக்குக் காத்திருந்த காலம் வேறு என்று கூட்டினால், ஓர் இளைஞர் தம் வருவாய்க் காலத்தில் எவ்வளவை முதலீடு செய்திருக்கிறார் என்பது புலப்படும். முதலீட்டுக்கு ஈடான வருவாய் இல்லாத துறைக்குத் திறமையுள்ளவர்கள் நெடுநாள் வரமாட்டார்கள். அவர்கள் பட்டயம் பெற்றுத் தனியார் உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் அகாடமிகளுக்கும் செல்வார்கள்; அங்கு கட்டணம் செலுத்தக்கூடிய குழந்தைகள் மட்டுமே அவர்களிடம் கற்பார்கள்.

முழுநேரப் பணியிடங்களுக்கு வழிகள் உண்டு. டில்லியில் சார்நிலைப் பணிகள் தேர்வு வாரியமும், நாடெங்கும் கேந்திரிய வித்யாலய அமைப்பும், தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியமும் அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகின்றன. தமிழ்நாட்டில் உடற்கல்வி ஆசிரியர் என்றும், அதற்கு மேல் உடற்கல்வி இயக்குநர் நிலை இரண்டு, நிலை ஒன்று என்றும் படிகள் இருப்பதால் பதவி உயர்வுக்கு இடமுண்டு. வகுப்பு 11, 12-இல் உடற்கல்வியை விருப்பப் பாடமாக எடுக்கும் மாணவர்களுக்கு மத்திய வாரியத் தேர்வில் ஏட்டுப் பாடத்துக்கு 70, செய்முறைக்கு 30 மதிப்பெண். இப்பாடத்தைக் கற்பிக்க எம்.பி.எட். பெற்றவர்கள் தேவைப்படுகின்றனர்.

முனிர்காவில் தங்கியுள்ள பட்டதாரிக்கு மிக அருகிலுள்ள அரசுப் பயிற்சி நிலையம் விகாஸ்புரியில் உள்ள இந்திரா காந்தி உடற்கல்வி, விளையாட்டு அறிவியல் நிலையமாகும். 1987-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இது டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. இரு இடங்களையும் வெளிவட்டச் சாலை இணைக்கிறது. 2018-இல் திறக்கப்பட்ட மெட்ரோப் பாதையில் முனிர்காவிலிருந்து ஜனக்புரி மேற்கு வரை மாறாமல் செல்லலாம். தமிழில் படித்தவர்களுக்குச் சென்னை ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியும், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பிற கல்லூரிகளும் ஏற்றவை. எந்தக் கல்லூரியாயினும் சேர்வதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டறிதல் நன்று: அந்தப் படிப்புக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உள்ளதா? கற்பித்தல் பயிற்சிக்கு மாணவர்கள் எந்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகின்றனர்? முதற்கேள்விக்கு விடை கல்லூரியின் ஆவணங்களில் கிடைக்கும். இரண்டாவதற்கு, அங்கு பயிலும் இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் பேசிப் பார்ப்பதே தக்க வழி.